பன்னிரண்டு ஆகட்டும்

வந்துவிட்டது. வந்தது தெரிகிறது, வந்தது என்னவென்று தெரியவில்லை. மேசைமேல் கிடந்த போன் 'டிங்' என்று ஒரு தடவை சத்தம் போட்டுவிட்டு, நான் எட்டிப் பார்ப்பதற்குள் நல்ல பிள்ளையாக இருட்டிக்கொண்டது. பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஆஸ்பத்திரி ஆப்பின் பச்சை இலை, அதை ஒட்டி ஒரே வரி: உங்கள் மருத்துவரிடமிருந்து ஒரு செய்தி. அவ்வளவுதான். அந்த வரியில் விரலை வைத்தால் திறந்துகொள்ளும். என் பெண்டாட்டி சுலோவின் மார்பிலிருந்து ஊசியால் எடுத்த சதை புற்றா இல்லையா என்பது அதற்குள் இருக்கிறது. விரலை வைக்க வேண்டியதுதான். வைக்கிறேன். அதற்கு முன்னால் எதற்காகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்? மணி என்ன என்று பார்ப்பது குற்றமா? பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். இருக்கட்டும், அதனால் என்ன? எனக்கு அதெல்லாம் கிடையாது. இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அறிவொளிக்கு அதெல்லாம் கிடையாது என்பார்கள். இந்த வீட்டைக் கட்டும்போது வாஸ்து சொல்ல வந்தவனிடம் "கக்கூஸ் எந்தப் பக்கம் இருந்தா உனக்கென்னய்யா, நீயா வந்து உக்காரப் போறே?" என்று கேட்டவன் நான். ஏழு நாளுக்கும் ராகு காலம் எனக்கு மனப்பாடம் என்பது வேறு விஷயம். எதிரி எந்த நேரத்தில் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால்தானே மீற முடியும்? காலண்டரில் பொடி எழுத்தில் போட்டுத் தொலைக்கிறான், காலையில் தாள் கிழிக்கும்போது கண்ணில் படுகிறது, நான் என்ன செய்ய? சரி, கண்ணாடி எங்கே? கண்ணாடி இல்லாமல் படித்தால் ஒன்றை வேறொன்றாகப் படித்து வைப்பேன். கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருக்கிறது.

இந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தது மகள் பொன்மொழி. சதை எடுத்த அன்றைக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே என் போனிலும் அவள் அம்மா போனிலும் ஏற்றினாள். "அப்பா, கணக்கு அம்மா பேர்ல. ரெண்டு போன்லயும் ஒரே கணக்குதான். டாக்டர் எழுதுறது ரெண்டுலயும் வரும். உங்களுக்கு ஏதாச்சும் கேக்கணும்னா இதுலயே கேளுங்க, போன் போட்டு அவங்கள நச்சரிக்காதீங்க" என்றாள். சுலோ அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாள். அவள் போன் பிரிட்ஜ் மேல் கிடக்கும், பேத்தி ஆடுகிற வீடியோ வந்தால் எடுப்பாள், எழுத வேண்டியிருந்தால் வாயால் சொல்லி எழுத வைப்பாள். கேள்வி கேட்பதெல்லாம் நான்தான். முதல் தடவை 'மதிப்பிற்குரிய மருத்துவர் நிலோஃபர் அவர்களுக்கு, வணக்கம். பொருள்: பரிசோதனை முடிவு கோருதல்' என்று தொடங்கினேன். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன், மனு எழுதியே பழகிய கை. பொன்மொழி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் 'சரி சார்.' என்று பதில் போட்டார். சாருக்குப் பிறகு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க ஓட்டினேன். புள்ளி வைத்தால் கோபமா, பண்பா? அப்புறம் ஊசி குத்திய இடம் கன்றியிருக்கிறதே, இது இயல்பா என்று கேட்டேன், இயல்புதான் என்றார். இடது கையால் குடம் தூக்கலாமா, தூக்கலாம். தலைக்கு ஊற்றிக்கொள்ளலாமா, ஊற்றிக்கொள்ளலாம். முருங்கைக்கீரை கொடுக்கலாமா? 'சார், எல்லாமே சாப்பிடலாம் சார்.' ஒரே வரியில் இரண்டு சார். பாவம், அலுத்துப்போயிருப்பார். அதற்குப் பிறகு முடிவு எப்போது என்று தினம் ஒரு மனு போட்டேன், வந்ததும் சொல்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். இப்போது சொல்லியிருக்கிறார். நல்லதாக இருந்தால் எழுதுவாரா, கூப்பிட்டுச் சொல்வாரா? நல்லதை எழுதினால் போதும், கெட்டதைத்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அப்படியானால் இது நல்லது. ஆனால் கெட்டதை வாயால் சொல்வது கஷ்டம், எழுதிவிட்டால் எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அப்படியானால் இது கெட்டது. சுலோ வேறு அன்றைக்கே "எதுவா இருந்தாலும் ஒளிக்காம அதுலயே எழுதிடுங்க டாக்டர்" என்று சொல்லி வைத்துவிட்டு வந்தாள். அதனால் நல்லதும் எழுத்தில்தான் வரும், கெட்டதும் எழுத்தில்தான் வரும். சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

சமையலறையில் சுலோ ஏதோ முணுமுணுக்கிறாள். வெள்ளிக்கிழமை இல்லையா, சாமிக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். இந்த வீட்டில் பூஜை அறை கிடையாது, அடுப்புதான் அவளுக்குச் சாமி போலிருக்கிறது. நிற்கிறது, மறுபடி முணுமுணுக்கிறது. எவ்வளவு நீளமான வேண்டுதல். ஒன்றும் தெரியாமல் வேண்டிக்கொண்டிருக்கிறாள், முடிவோ இங்கே என் மேசைமேல் கிடக்கிறது. இதோ வெளியே வருகிறாள். நான் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். ஒரு முறத்தில் முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள். "ஏங்க, சும்மாதானே இருக்கீங்க, இத உருவிக் கொடுங்க." "ம்." "போன்ல ஒண்ணும் வரலயே?" "வரல." பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. "வரும்போது வரட்டும். அதையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. காம்பு இல்லாம உருவுங்க." போய்விட்டாள். வெளியே போகும்போது கட்டுகிற அந்த அரக்குச் சேலையைக் கட்டியிருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்காகவா? இவளுக்கு நாள் கிழமை எல்லாம் உண்டு. நான்தான் விட்டுக்கொடுத்துப் போகிறேன். "இப்ப வேண்டாங்க, பன்னெண்டுக்கு மேல போங்க" என்பாள், நான் சத்தம் போடுவேன், இந்த அறிவுகெட்ட வீட்டில் மனுஷன் வாழ முடியுமா என்பேன், பிறகு அவளுக்காக இருந்துவிட்டுப் பன்னிரண்டுக்கு மேல் போவேன். இப்படியே பழகிவிட்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. கட்டி கையில் தட்டுப்பட்டது ஆனி மாசக் கடைசியில். அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா? ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே, கடுகு தீர்ந்துபோச்சு என்கிற மாதிரிச் சொல்கிறாள். "இங்க ஒரு கட்டி இருக்குங்க, கொஞ்ச நாளா." எத்தனை நாளா? "ஆடி போகட்டும்னு இருந்தேன்." ஆடி போகட்டும்! கத்தினேன். அன்றைக்குக் கத்தியதுபோல் என் வாழ்நாளில் கத்தியதில்லை. ஆடி மாசத்தில் கட்டி வளராதா, ஆடிக்குப் புற்று லீவு விட்டிருக்கா என்று கேட்டேன். அவள் என் சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். அந்த ஆடி முழுக்க எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடியோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். மூன்று வேளையும் என் தலையை நிமிர்த்தி, இமையை இழுத்துச் சொட்டு மருந்து விட்டவள் அவள்தான். அந்த இடது கையால்தான் என் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். அப்போதும் கட்டி அங்கேதான் இருந்திருக்கிறது, என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில். ஒரு மாசம் போயிற்று. அந்த ஒரு மாசத்தில் அது எங்கெல்லாம் போயிருக்கும்? கீரையைக் காம்போடு உருவிக்கொண்டிருக்கிறேன்.

டிங். மறுபடியும். இரண்டாவது செய்தி. ஒரு டாக்டர் ஒரு நோயாளிக்கு எதற்காக இரண்டு தடவை எழுத வேண்டும்? முதல் செய்தியை யாரும் திறக்கவில்லை என்று அங்கே தெரிந்துபோயிருக்கும். திறக்கவில்லையே, அவசரமாயிற்றே என்று மறுபடி எழுதியிருப்பார். அவசரம் என்றால் நல்ல செய்தி இல்லை. நல்ல செய்திக்கு எவன் அவசரப்படுகிறான்? கீரை ஒட்டிய விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுக்கிறேன். எடுத்துவிட்டு வைக்கிறேன். இந்தக் கை உயரழுத்தக் கம்பியைப் பிடித்த கை. எங்கள் வேலையில் எல்.சி. என்று ஒன்று உண்டு, லைன் கிளியர். துணைமின் நிலையத்தில் இருப்பவன் மின்சாரத்தை நிறுத்திவிட்டேன், நீ ஏறலாம் என்று அனுமதி கொடுத்த பிறகுதான் கம்பத்தில் கால் வைக்க வேண்டும். எத்தனை பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், எல்.சி. வாங்காமல் ஏறுகிறவன் தைரியசாலி இல்லை, மடையன் என்று. இப்போதும் அதையேதான் செய்கிறேன். பன்னிரண்டு வரை எல்.சி. இல்லை. பன்னிரண்டுக்கு மேல் கம்பி செத்துவிடும், தொடலாம். அட, இது என்ன கணக்கு? கம்பியில் மின்சாரம் இருப்பது உண்மை, டெஸ்டர் வைத்தால் எரியும். ராகுவுக்கு எந்த டெஸ்டரை வைப்பது? அந்த அறிக்கை நேற்றோ முந்தாநாளோ ஆய்வுக்கூடத்தில் எவரோ கண்ணாடித் தகட்டில் அந்தச் சதையைப் பார்த்து எழுதி முடித்தது. நான் எந்த மணிக்குத் திறந்தாலும் எழுத்து மாறப்போவதில்லை. இதைத்தானே பகுத்தறிவுக் கூட்டங்களில் மேடையேறிப் பேசினேன். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன் பெண்டாட்டிக்குக் கட்டி இருந்ததா என்று நான் கேட்கவில்லை. சமையலறையில் மறுபடி முணுமுணுப்பு. இந்தத் தடவை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

எங்கள் கல்யாணமே ராகு காலத்தில்தான் நடந்தது. இதே வெள்ளிக்கிழமை, இதே பத்தரை பன்னிரண்டு. சீர்திருத்தத் திருமணம், வேண்டுமென்றே அந்த நேரத்தைப் பார்த்து வைத்தோம், பத்திரிகையில் 'இராகு காலம்' என்று கொட்டை எழுத்தில் அடித்தோம். உறையூரில் ஒரு சத்திரத்து மாடி. தாலி கிடையாது, மேளம் கிடையாது, இரண்டு மாலை, ஒரு ஒலிபெருக்கி. சுலோ மாலையை என் கழுத்தில் போட எம்பினாள், அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்ததில் பயந்து என் காதில் மாட்டிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன், சரி என்று தலையாட்டிவிட்டு இன்றைக்கு வரைக்கும் 'ஏங்க' தான். பொன்மொழிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பேர் வைப்பதற்குள் போய்விட்டான். மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது, பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், ஒரு நாள் காலையில் பெட்டி காலியாக இருந்தது. அன்றைக்கு என் அம்மா இடிந்து போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ராகு காலத்துல கட்டிக்கிட்டா வேற என்னடா நடக்கும்?" அம்மாவைப் பிடித்து ஏசினேன். அதற்கப்புறம் ரொம்ப காலம் அவளோடு பேச்சே இல்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது, எத்தனை கூட்டத்தில் பேசினாலும் எழுந்து போகவில்லை. சுலோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. ஆனால் ஸ்கூட்டர் தகராறு பண்ண ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பொன்மொழியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கிளம்பிய அன்றைக்கு, காலேஜுக்குக் கூட்டிப்போன அன்றைக்கு, சுலோவைப் பிரசவத்துக்குச் சேர்த்த அன்றைக்குக்கூட வண்டி கிளம்பவில்லை. நான் உதைப்பேன். பெட்ரோல் குழாயைத் திறக்காமல் உதைப்பேன். சுலோ வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பிளக்கு சூடாயிருக்கும், கொஞ்சம் ஆறட்டும்ங்க. டீ போடுறேன், குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்பாள். டீ குடித்து முடிக்கும்போது நேரமும் தாண்டியிருக்கும், வண்டியும் கிளம்பிவிடும். பொன்மொழி கல்யாணத்துக்கு மண்டபம் ராகு காலம் கழிந்த நேரத்துக்குத்தான் கிடைத்தது. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

டிங். மூன்றாவது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கால் தானாக வாசல் வரைக்கும் போய்த் திரும்புகிறது. மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. வெளியே கோலமாவுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார், அவர் சாதாரணமாகப் போகிறார், அது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று செய்தி. உடனே வா, உடனே வா, ஏன் வரவில்லை. டாக்டர் மத்தியானத்தோடு எழுந்து போய்விடுவாரோ? இன்றைக்கு விட்டால் நாளை சனி, மறுநாள் ஞாயிறு, அப்புறம் திங்கள். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது. சீ. காலையில் சுலோ குளியலறையிலிருந்து "ஏங்க, மோட்டார நிறுத்துங்க, தொட்டி வழியுது" என்று கத்துவாள், தினமும் கத்துவாள், தினமும் நான் மறந்துவிடுவேன், அவள் கத்துவதற்காகவே மறக்கிறேனோ என்னவோ. அவள் இல்லாவிட்டால் தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் சுவரோடு இறங்கி, தெருவில் ஓடி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் ஓடும். நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். என்ன நினைப்பு இது, இன்னும் எதையும் படிக்கக்கூட இல்லை. படிக்காத வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. படிக்காத வரைக்கும் அவள் சமையலறையில் வத்தக்குழம்பு வைக்கிறாள். மணத்தக்காளி வத்தல் வறுபடுகிற வாசனை. அது எனக்குப் பிடித்தது, ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் வைப்பாள், இன்றைக்கு எதற்கு? "ஏங்க, மணி என்ன?" உள்ளேயிருந்து கேட்கிறாள். "பன்னெண்டாகப் போகுது. ஏன்?" "ஒண்ணுமில்ல. பன்னெண்டு ஆகட்டும், சாப்பிட்டுடலாம்." நாங்கள் ஒரு மணிக்குமுன் சாப்பிட்டதே இல்லை.

எட்டிப் பார்க்கிறேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்து நிற்கிறாள். வலது கையில் கரண்டி. இடது கை மட்டும் மடங்கி, அக்குள் பக்கத்தில் சேலைக்கு மேலே அமர்ந்திருக்கிறது, தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. குழம்பு கொதிக்கிறது, அவள் கிண்டவில்லை. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டு வருகிறது. கோபம்தான், யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஆடி போகட்டும் என்று அவள் சொன்னதற்குத் தெருவே கேட்கக் கத்தினாயே, இப்போது நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? அவளுக்கு ஆடி, உனக்கு வெள்ளிக்கிழமையா? அவளாவது ஒன்றை நம்பித் தள்ளிப்போட்டாள். நீ நம்பாமலே தள்ளிப்போடுகிறாய், அதற்குக் கண்ணாடியைத் தேடுகிறாய், கீரை உருவுகிறாய். கடிகாரத்தில் இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி இருக்கிறது. இருக்கட்டும். போனை எடுத்து, பச்சை இலையின்மேல் விரலை வைத்து அழுத்திவிட்டேன். கொஞ்சம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திறந்தது.

மேலே நான் நேற்றுப் போட்ட மனு, 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற முடிவோடு. அதற்குக் கீழே டாக்டர்: 'சுலோச்சனா அம்மா, ரிப்போர்ட் வந்துவிட்டது. நாம் பயந்ததுதான், புற்றுதான். ஆனால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன், ஸ்கேன் எடுத்தால் உறுதியாகத் தெரியும். சிகிச்சை இருக்கிறது, குணமாகும் நம்பிக்கை நிறைய இருக்கிறது. இன்றைக்கே சாரோடு வாருங்கள். நான் அவரைக் கூப்பிட்டுப் பேசட்டுமா?' புற்றுதான். படித்தேன், மறுபடி படித்தேன், அந்த ஒரு சொல்லைத் தாண்டிக் கண் நகரவில்லை. தரை அப்படியே இருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் பார்த்தேன், அதற்குக் கீழே, எங்கள் பக்கத்திலிருந்து போகிற செய்திகள் வருகிற அந்தப் பச்சைக் கட்டத்தில், நான் எழுதாத ஒன்று இருந்தது. 'வேண்டாம் டாக்டர் நானே சொல்லிக்கிறேன் பன்னெண்டு மணி ஆவட்டும் இப்ப ராகு காலம் எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல அவருக்குத்தான் இருக்கு வெளிய சொல்ல மாட்டாரு.' புள்ளி இல்லை, கமா இல்லை, வாயால் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட எழுத்து. அந்த முணுமுணுப்பு. அவள் சாமியிடம் சொல்லவில்லை. டாக்டரின் இரண்டாவது செய்தி: 'சரிம்மா. ஆனால் முதலிலும் ஒரு மாதம் தள்ளிப்போட்டுத்தான் வந்தீர்கள். அது ஏன் என்று நீங்கள் சொல்லவே இல்லை. இனிமேல் எதையும் தள்ளிப்போடக் கூடாது.' அதற்கு அவள் பதில்: 'அப்ப அவருக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிருந்துச்சு அழக்கூடாது குனியக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க கேட்டா அழுதுடுவாருன்னு ஆறட்டும்னு இருந்தேன் அவருகிட்ட ஆடின்னு சொல்லிட்டேன்.' எழுத்து கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். டாக்டரின் மூன்றாவது செய்தி ஒரே வரிதான். 'அவரை விடுங்கம்மா. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அவள் பதில் சொல்லவில்லை.

சமையலறை வாசலில் போய் நின்றேன். "சுலோ." "இருங்க, இன்னும் மணி ஆகல. ஆகட்டும், வரேன்" என்றாள் திரும்பாமலே. "மணி கெடக்கட்டும். டாக்டர் உன்ன ஒண்ணு கேட்டிருக்காங்க, நீ பதில் போடல." அவள் அடுப்பை அணைத்தாள், அணைத்த பிறகும் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். திரும்பி என் கையிலிருந்த போனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "படிச்சிட்டீங்களா?" "படிச்சிட்டேன்." "இப்பவேவா?" "இப்பத்தான்." கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கி வைத்தேன். "எப்படி இருக்கேன்னு கேட்டா என்னத்தங்க சொல்றது?" என்றாள், குரல் பாதியில் ஒடிந்துவிட்டது. "எனக்குப் பயமா இருக்குங்க." இத்தனை வருஷத்தில் இவள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பையன் போனபோதுகூடச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்த தைரியம் எல்லாம் மேடைக்கானது, சமையலறைக்கு ஒன்றுகூட இல்லை. "எனக்கும்தான்" என்றேன். "இன்னைக்கு மட்டும் இல்ல சுலோ. ரொம்ப காலமா." "தெரியும்" என்று சொல்லிவிட்டு என் சட்டையில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். கண் ஆறிவிட்டது, இனிமேல் அழலாம். கொஞ்ச நேரம் கழித்து, கிளம்பு, போகலாம் என்றேன். பழக்க தோஷம், அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நேரந்தானே, பன்னெண்டு ஆகட்டுமே" என்றாள், எனக்காக. "ஆக வேண்டாம்" என்றேன். ஆஸ்பத்திரி பைலை முன்னாலேயே எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தாள், அதை எடுத்துக்கொண்டு வந்து வாசலைப் பூட்டினாள். நான் பெட்ரோல் குழாயைத் திறந்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்து, பைலை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரே உதையில் வண்டி கிளம்பிவிட்டது.